அங்காடி காட்டும் நாடு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புதியதோர் ஊருக்குப் பயணம் செல்லும்போது அங்கே காணவேண்டியவை எவை என்று நாம் முன்கூட்டியே வகுத்துக்கொள்கிறோம். கோயில், கோட்டை, அருவி, அருங்காட்சியகம் என அவ்வரிசை நீளுகின்றது. அவ்வூர் மக்கள் நாள்தோறும் உண்ணும் காயும் கீரையும் மீனும் விற்கும் அங்காடிக்கு மட்டும் அதில் பெரும்பாலும் இடமில்லை. ஒரு நாட்டை ஆண்டவர் யார் என்பதைக் கோட்டை சொல்லும். அந்நாட்டை ஊட்டியவர் யார் என்பதை அங்காடியே சொல்லும். இவ்வுண்மையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். மதுரைக் காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் பாண்டியன் பெருமையோடு நின்றுவிடாமல், மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் நமக்குச் சுற்றிக் காட்டுகின்றார். ஆகவே, பயணம் செல்லும் நாம் உள்ளூர் உணவு அங்காடியை எவ்வாறு காணவேண்டும், அதற்கு நாம் எவ்வாறு துணைநிற்கலாம் என்பதைச் சிறிது சிந்திப்போம்.

எடுத்துக்காட்டாக மணிப்பூரின் தலைநகரான இம்பாலை நோக்குவோம். அந்நகரின் நடுவே அமைந்துள்ளது 'இமா கெய்தேல்' என்னும் பழம்பெருஞ் சந்தை. மணிப்புரி மொழியில் 'இமா' என்றால் தாய். 'கெய்தேல்' என்றால் சந்தை. 'அம்மா' என்றழைத்துப் பழகிய நம் செவிக்கு அப்பெயர் அயலாக ஒலிப்பதில்லை. பெயருக்கேற்ப, அங்கே கடை விரிப்போர் அனைவரும் பெண்டிர், ஆயிரக்கணக்கானோர். விற்கும் இடத்திற்குரிய உரிமை தாயிடமிருந்து மகளுக்கோ மாமியிடமிருந்து மருமகளுக்கோ வருவது வழக்கம். மன்னராட்சிக் காலத்தில் 'லல்லுப்' என்னும் முறைப்படி ஆடவர் முறைவைத்து அரசுப் பணிக்குச் செல்லவேண்டியிருந்தது. அதனால் வயலையும் வாணிகத்தையும் காக்கும் பொறுப்பு மகளிர் தோள்மேல் விழுந்தது. அப்பொறுப்பை அவர்கள் இன்றுவரை இறக்கி வைக்கவில்லை.

அவர்தம் கூடைகளைப் பார்த்தால் அந்நாட்டின் நிலவியலையே படித்துவிடலாம். மரத்தில் காய்த்துத் தொங்கும் 'யோங்சாக்' என்னும் நீண்ட அவரை, கடுங்காரம் மிக்க 'உமோரோக்' மிளகாய், 'ஙாரி' எனப்படும் புளிக்கவைத்த மீன், நீர்நிலைகளில் விளைந்த தாமரைத் தண்டு ஆகியவை அங்கே குவிந்திருக்கும். 'சாக் ஹாவ்' என்னும் நறுமணக் கருப்பரிசி 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. செட்டிநாட்டு விருந்தில் கவுனியரிசி உண்டவர்க்கு அது புதுமையாகத் தோன்றாது.

அங்காடியில் இருப்பதை மட்டுமன்றி, இல்லாததையும் நாம் கேட்டறிதல் வேண்டும். மணிப்பூர் மக்கள் பெரிதும் போற்றும் மீன் 'பெங்பா'. அது பர்மாவின் சிந்துவின் ஆற்றிலிருந்து மணிப்பூர் ஆற்றின் வழியே எதிரேறி லோக்தாக் ஏரிக்கு வந்துகொண்டிருந்தது. மின்னாக்கத்தின் பொருட்டு இதாய் என்னுமிடத்தில் கட்டிய அணை 1983இல் செயற்படத் தொடங்கியபின் அவ்வழி அடைபட்டது. இன்று பெங்பாவைக் குளங்களில் வளர்க்கின்றனர். ஓர் ஆற்றுக்கு நேர்ந்ததை மீன்காரியின் கூடை இவ்வாறு நமக்கு உணர்த்திவிடுகின்றது.

இச்சந்தையின் வரலாற்றில் மறத்தற்கரிய நாள் ஒன்றுண்டு. 1939ஆம் ஆண்டில் மழை மிகுந்து விளைச்சல் கெட்டது. அந்நிலையிலும் ஆலைகளில் குற்றிய அரிசி வெளியே ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. விளைந்த நாட்டிலேயே அரிசி அரிதாயிற்று. டிசம்பர் 12ஆம் நாள் மகளிர் திரண்டு அரசவை அலுவலகத்தை முற்றுகையிட்டு, ஏற்றுமதியை நிறுத்துக என்று முழங்கினர். படைவீரரின் துப்பாக்கிமுனை ஈட்டிகளால் பலர் புண்பட்டனர். ஆயினும் அவர்கள் பின்வாங்கவில்லை; ஏற்றுமதி நின்றது. அதன்பின்னும் சந்தையைப் புறக்கணித்து நெடுங்காலம் போராட்டத்தைத் தொடர்ந்தனர். 'நுபி லான்', அதாவது மகளிர் போர், என்று அந்நாளை மணிப்பூர் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றது. உள்ளூர் விளைவு முதலில் உள்ளூர் வயிற்றுக்கு என்பதற்காகப் புண்பட்ட பெண்டிர் இருந்த சந்தை அது. அங்கே நிற்கும்போது நாம் வெறும் வாடிக்கையாளராக நிற்றல் இயலுமோ?

அச்சந்தைக்குப் பிற்காலத்திலும் துன்பம் நேராமலில்லை. 2016 ஜனவரி நிலநடுக்கத்தில் அதன் கட்டடங்கள் பழுதுற்றன. 2023 மே மாதம் மூண்ட கலவரம் மலையையும் சமவெளியையும் பிரித்தது. 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டபின் அங்கிருந்து வெளியேறிய தமிழர் சிலர் எல்லையூரான மோரேயில் குடியேறி, கோயிலும் தமிழ்ச் சங்கமும் அமைத்தனர் அன்றோ? அம்மோரேயும் அத்தீயினின்று தப்பவில்லை. மலையின் காயும் சமவெளியின் நெல்லும் சந்திக்கும் இடமே சந்தை. மனிதர் மனம் பிரியும்போது முதலில் வெறுமையாவது அவ்விடந்தான்.

அத்தொடர்பின் அருமையை அசாம் மாநிலத்து ஜோன்பீல் மேளா நன்கு விளக்கும். மோரிகான் மாவட்டத்தில் ஜாகிரோடு அருகே, மாக பிகுவை ஒட்டி ஜனவரியில் கூடும் இச்சந்தையில் பண்டமாற்று இன்றும் நடைபெறுகின்றது. மலைவாழ் மக்கள் இஞ்சியும் மஞ்சளும் கொணர்ந்து தர, சமவெளியார் அரிசியும் கருவாடும் பணியாரமும் மாற்றாகத் தருகின்றனர். உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்ற நம் பழந்தமிழ் நெய்தல் வாழ்வு அங்கே நம் நினைவுக்கு வருகின்றது.

இத்தகைய அங்காடிகளுக்குச் செல்லும் நமக்குச் சில கடமைகள் உண்டு. காலையிலேயே செல்வோம், விளைவித்தவரே விற்கும் வேளை அது. அந்நிலத்தில் அப்பருவத்தில் விளைந்ததைக் கேட்டு வாங்குவோம். இம்பாலில் நின்றுகொண்டு தொலைதூரத்து ஆப்பிளைத் தேடவேண்டா. விலைபோகாத பயிரை உழவர் மீண்டும் விதைக்கமாட்டார். விதைக்கப்படாத வித்து ஓரிரு தலைமுறையில் மறைந்துவிடும். ஆதலின் நாம் கொடுக்கும் சிறு தொகையும் ஒரு வித்தைக் காக்கும் காவலாகலாம்.

பெருங்கடையில் ஒட்டியுள்ள விலையை வாய்பேசாமல் கொடுக்கும் நாம், கூடைக்காரியிடம் ஐந்து ரூபாய்க்கு அரைநாழிகை வாதிடுவது அழகன்று. காட்டில் எடுத்த கிழங்கையும் மூலிகையையும் தேவைக்குமேல் அள்ளி வருதலும் தகாது. அது காட்டை வெறுமையாக்கும். விற்பவர் இசைவின்றி அவரைப் படம்பிடித்தல் கூடாது. கையில் ஒரு துணிப்பை இருக்கட்டும். 2021இல் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கிய இயக்கம் தமிழகத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. நாம் செல்லும் ஊர்தோறும் அப்பை நம்முடன் வரலாம்.

தமிழகத்திற்குச் செல்லும்போதும் இக்கண்ணோட்டம் நமக்கு வேண்டும். 1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற உழவர், இடைத்தரகரின்றி, தம் விளைவைத் தாமே விற்கும் ஏற்பாடு அது. ஊர் சென்று திரும்பும் நாம் இனிப்புக் கடைக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை அங்கே செலவிடலாகாதா?

இறுதியாக, தில்லி வாழ் தமிழராகிய நமக்கு ஒரு சொல். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் தேடி இந்நகரில் நெடுந்தொலைவு அலைகின்றோம். அது தவறன்று, தாய்மண்ணின் சுவையை நாக்கு எளிதில் மறவாது. ஆயினும் பனிக்காலத்தில் நம் தெருவிலேயே 'பதுவா' என்று கூவி விற்கும் கீரையைக் கண்டும் காணாமல் கடந்து செல்கின்றோம். அது நம் ஊர்ச் சக்கரவர்த்திக் கீரையே! பெயர் வேறு, மண் வேறு, கீரை ஒன்று. நாம் வந்து தங்கிய இந்நகரம் நமக்குச் சோறிடுகின்றது. அச்சோற்றுக்குரிய கீரையைப் பயிரிடுவோர் முகத்தை நாம் ஒருமுறையேனும் பார்த்தல் வேண்டும். தொலைநாட்டு அங்காடியைக் காணும் பழக்கம் நம் வாயிலண்டையிலேயே தொடங்கட்டும்.