காலால் திறக்கும் வாய்



'வா' என்று ஒருமுறை மெல்லச் சொல்லிப் பாருங்கள். முதலில் இதழ்கள் குவிகின்றன. பின்னர் அவை விலக, வாய் திறக்கின்றது. குரல்வளையில் எழும் ஒலி தொடக்கத்திலும் முடிவிலும் ஒன்றேதான். அதனை உகரச் சாயலிலிருந்து ஆகாரச் சாயலுக்கு அழைத்துச் செல்வது வாயின் வடிவம். அகர ஆகாரங்கள் அங்காந்து கூறப் பிறப்பனவென்றும், உகரமும் அதன் இனமும் இதழ் குவியப் பிறப்பனவென்றும் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்திருக்கின்றார். வாய் செய்கின்ற இந்த வேலையைக் காலால் செய்விக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. மின்கிற்றார் வாசிப்போர் அதனை 'வா பெடல்' என்கின்றனர். ஆங்கிலேயருக்கு அப்பெயர் வெறும் ஒலிக்குறிப்பு. நமக்கோ அது ஓர் ஏவல் வினை.

பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியில் பேச இதுவா பொருள் என்று சிலர் வியக்கக்கூடும். திருகோணமலைக்குக் கிற்றார் புதிதன்று. ஈழத்துப் பொப்பிசையில் பெயர் நாட்டிய பரமேஷ், கோணேஷ் சகோதரர் இவ்வூரவர். இன்றும் உட்துறைமுக வீதியில் மாலை வேளையில் நடப்போர், ஏதேனும் ஒரு வீட்டிலிருந்து மின்கிற்றாரின் ஒலியைக் கேட்கலாம். கிற்றாரை எப்படியோ வாங்கிவிடுகின்ற பிள்ளைகள் அடுத்து ஆசைப்படுவது இந்தப் பெடலைத்தான். 2022ஆம் ஆண்டில் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபின், கடல்கடந்து வரும் எப்பொருளும் எளிய குடும்பத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் படகு இயந்திரங்களைத் திருத்தும் தந்தை ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, இது பிள்ளைக்குத் தேவையா, அல்லது நாகரிகமா? தேவையென்றால் கடன்பட்டாவது வாங்கிக் கொடுப்பேன்" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன விடையையே இன்று சற்று விரித்துச் சொல்கின்றேன்.

முதலில் இக்கருவி பிறந்த வரலாறு. 1966ஆம் ஆண்டு நவம்பர் மாதம், கலிபோர்னியாவில் தோமஸ் ஓர்கன் என்னும் நிறுவனத்தில், பிராட் பிளங்கட் என்ற இளம் பொறியியலாளரிடம் ஒரு சிக்கன வேலை ஒப்படைக்கப்பட்டது. வொக்ஸ் விரியலாக்கியில் நடுத்தரச் சுருதிகளை உயர்த்திக் காட்டுவதற்கென விலையுயர்ந்த ஆளி ஒன்று இருந்தது. அதனை அகற்றி, மலிவான மாறுந்தடையி ஒன்றை வைத்து அதே வேலையைச் செய்விப்பது அவர் கடமை. குமிழைத் திருகியபோது எழுந்த ஒலி, ஒருவர் வாயைத் திறந்து மூடுவது போல் இருந்தது. அங்கிருந்தோர் மின்னோர்கனின் கால்மிதி ஒன்றைக் கொணர்ந்து, அதன் வயிற்றினுள் அந்தச் சுற்றைப் பொருத்தினர். முதலில் அதன்வழி வாசிக்கப்பட்டது சாக்சபோன் என்பது பலர் அறியாத செய்தி. இது கிற்றாருக்கே உரியது என்று சொன்னவர் டெல் காஷர் என்னும் கலைஞர். ஆயினும் 1967இல் அது விற்பனைக்கு வந்தபோது, கிளைட் மக்கோய் என்ற ட்ரம்பெட் கலைஞரின் பெயரையே தாங்கி வந்தது. ட்ரம்பெட்டின் வாயை மூடித் திறந்து 'வா வா' என்று அழவைத்துப் புகழ்பெற்றவர் அவர். செலவைக் குறைக்கப் புகுந்த இடத்திலே ஒரு புதுக் குரல் பிறந்துவிட்டது.

இனி அதன் உள்ளமைப்பு. கலைப்பட்டதாரியாகிய எனக்கு இதனை விளக்கியவர் எங்கள் விஞ்ஞான ஆசிரியர். உள்ளே இரண்டு திரான்சிற்றர்கள், ஒரு தூண்டிச் சுருள், 0.01 மைக்கிரோபரட் அளவுள்ள ஒரு கொள்ளளவி. சுருளும் கொள்ளளவியும் சேர்ந்து, ஊஞ்சலைப்போல, ஒரு குறித்த மீடிறனில் பரிவு கொள்கின்றன; அம்மீடிறனை அடுத்த ஒலிகள் மட்டும் ஓங்கி நிற்கின்றன. மிதியின் நுனியை அழுத்தினால் அந்த ஓங்கல் செக்கனுக்கு ஏறத்தாழ 2,200 அதிர்வுகளில் நிற்கும். குதியை அழுத்தினால், திரான்சிற்றர் அக்கொள்ளளவியைப் பலமடங்கு பெரியதாகத் தோற்றச் செய்ய, அது 400 அளவுக்கு இறங்கிவிடும். குதி நிலையில் வாய் மூடியிருக்கின்றது. நுனி நிலையில் திறந்திருக்கின்றது.

பத்தாந்தர வகுப்பில் பிறப்பியல் நடத்தியபோது இக்கருவியை மேசைமேல் வைத்துக் காட்டினேன். உகரமும் ஓகாரமும் ஆகாரமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இகரம் மட்டும் தெளிவாக வரவில்லை. மனித வாய் ஒரே வேளையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஓங்கல்களை உண்டாக்கவல்லது. உயிரெழுத்துகளின் வேறுபாடு அவற்றின் இடைவெளியிலே பெரிதும் தங்கியுள்ளது. இக்கருவிக்கு உள்ளதோ ஒன்றேயொன்று. சூத்திரம் அன்றுபோல் மாணவர் மனத்தில் என்றும் பதிந்ததில்லை.

வாங்கப் புகுவோர் முதலில் தம்மைத் தாமே கேட்கவேண்டியது, இதனால் பாடப்போகின்றேனா, தாளம் போடப்போகின்றேனா என்பதே. கிரீம் குழுவினரின் 1968ஆம் ஆண்டு 'வைட் றூம்' பாடலில் எரிக் கிளப்டன் இதனால் பாடுகின்றார். ஒவ்வொரு சுரமும் ஒரு சொல்லைப்போல வாய் திறக்கின்றது. 1971இல் வந்த 'ஷாஃப்ற்' திரைப்படத்தின் முகப்பிசையில் நரம்புகளைக் கையால் அடக்கி, மிதியை விரைவாக அசைத்து, ஏறத்தாழ ஒரு தாளக் கருவியாகவே இதனை ஆக்கிவிட்டனர். பாடுவதற்கு மெல்ல விரியும் நீண்ட வீச்சு வேண்டும். தாளத்துக்குக் குறுகிய வீச்சே போதும். கடையிலே வாசித்துப் பார்க்கும்போது, காலைப் பாதி வழியில் நிறுத்தி அங்கே என்ன குரல் கேட்கின்றது என்று கவனியுங்கள். இரு முனைகளும் எல்லாப் பெடல்களிலும் நன்றாகவே இருக்கும்; தரம் தெரிவது நடுவிலேதான். அடுத்து, கருவியை நிறுத்திவிட்டு வெறும் கிற்றாரை வாசியுங்கள். ஒலி மங்கினால், நிறுத்திய பின்னும் சுற்று ஒலியை உறிஞ்சுகின்றது என்று பொருள். பழைய அமைப்புகளில் இக்குறை பொதுவானது.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். உள்ளே இருக்கும் தூண்டி சிவப்பா, மஞ்சளா, இத்தாலியப் பழையதா என்பதைப் பற்றி இளைஞர் நடத்தும் விவாதம் கோயில் பரிபாலன சபைத் தேர்தலைவிடக் கடுமையானது. வேறுபாடு உண்டு; மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தை அதற்காகக் கொட்டும் அளவு பெரிதன்று என்பது என் துணிபு. சாதாரணமான ஒன்றை, பழையதாயினும், குறைந்த விலைக்கு வாங்கித் தன் காதுக்கேற்பத் திருத்திக்கொள்வதே நம் பிள்ளைகளுக்கு ஏற்ற வழி.

அந்தத் தந்தையும் மகனும் அவ்வாறே செய்தனர். வேறொருவர் பயனற்றதென ஒதுக்கிய பெடல் ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. மிதிக்கும்போதெல்லாம் கரகரவென்று இரைந்தது. தந்தை அடித்தட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "உப்புக்காற்று" என்றார். படகு இயந்திரங்களில் நாளும் காண்பது அதுதானே! இந்த ஊரில் பெடலுக்கு முதற்பகை கடல். கால் அசைவைப் பற்சட்டம் ஒன்று 100 கிலோ ஓம் மாறுந்தடையிக்குக் கடத்துகின்றது. அதன் உட்தடத்தில் அழுக்கும் உப்பும் படிந்தால் இரைச்சல் எழும். மின்தொடுகைகளைத் துப்புரவாக்கும் தெளிப்பான் சிறிது போதும். தடம் தேய்ந்திருந்தால் அந்த உறுப்பை மட்டும் மாற்றலாம். அவர்கள் மாற்றினார்கள்.

திருத்தங்களில் முதலாவது, காசு செலவில்லாதது. பற்சட்டத்தைத் தளர்த்திப் பற்சக்கரத்தை ஓரிரு பற்கள் நகர்த்தினால் குரலின் எல்லை மாறும். பலருக்கு இதுவே போதுமானது. இரண்டாவது, நிறுத்தும் ஆளியை மாற்றி, நிறுத்தியபோது சுற்று முழுவதும் விலகி நிற்கச் செய்தல். மேற்சொன்ன மங்கல் இதனால் தீரும். மூன்றாவது, தூண்டிக்குக் குறுக்கே பெரும்பாலான பெடல்களில் காணப்படும் 33 கிலோ ஓம் தடையி. அதன் இடத்தில் 47 அல்லது 68 கிலோ ஓம் வைத்தால் ஓங்கல் கூர்மையாகி, குரல் பேச்சை நெருங்கும். அதற்குமேல் போனால் பேச்சு அலறலாகும். நான்காவது, அந்த 0.01 கொள்ளளவி. அதனை 0.015 ஆக்கினால் குரல் முழுவதும் சற்றுக் கீழிறங்கும், 0.022 ஆக்கினால் உச்சி 2,200இலிருந்து ஏறத்தாழ 1,500க்கு வந்துவிடும். தடித்த நரம்புகளில் வாசிப்போருக்கு அது இனிக்கும்; மெல்லிய நரம்புகளில் பாட விரும்புவோருக்கு வாயை அரைவாசி கட்டிவிட்டது போலிருக்கும்.

ஒரு நாளில் ஒரு மாற்றமே செய்க. இரண்டை ஒருங்கே செய்தால் எது எதனைச் செய்தது என்று காது அறியாது. கழற்றிய உறுப்பை ஓர் உறையிலிட்டு, எங்கிருந்து எடுத்ததென எழுதி வையுங்கள். அந்த மகன் தடையியை மூன்றுமுறை மாற்றி, இறுதியில் 47இல் நின்றான். தந்தை பற்றாசுக்கோலைப் பிடிக்க, மகன் வாசித்துக் காட்ட, ஒரு வார மாலைகள் அவ்வாறு கழிந்தன. அவர் எனக்குச் சொன்னது, மகன் தன்னோடு அவ்வளவு நேரம் பேசியது அண்மையில் அதுவே முதன்முறை என்பது. பெடல் தேவையா, நாகரிகமா என்ற கேள்வியை அவர் பிறகு கேட்கவில்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். இக்கருவி 9 வோல்ற்றில் இயங்குவது. மின்கலத்துக்குப் பதிலாகச் சுவர் மின்சாரத்திலிருந்து வழங்கியைப் பயன்படுத்துவோர், செருகியின் நடுமுனை மறையா, நேரா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். பெரும்பாலான பெடல்கள் வேண்டுவது நடுமுனை மறையானது. சந்தையில் விற்கும் பொதுவான வழங்கிகள் பலவற்றில் அது நேரானது. மாற்றிச் செருகினால் உள்ளுறுப்புகள் கருகக்கூடும். மற்றையது, வாடைக்காற்றுக் காலம். ஐப்பசி முதல் தை வரை பெடலை நிலத்தில் விடாது, அடித்தட்டைத் துடைத்து, இறுக மூடும் பெட்டியில் வையுங்கள். மின்கலத்தைக் கழற்றியே வையுங்கள். கசிந்த மின்கலம் உப்பைவிட விரைவாக அரிக்கும்.