கவணும் ஈயக் குண்டும்: பத்தாயிரம் பேர் திரும்பி வந்த கதை

இன்னைக்கு கவண் பத்திப் பேசப் போறோம். கவட்டைக் குச்சியில ரப்பர் கட்டி அடிப்போமே, அந்த உண்டிவில் இல்லை. தினைப்புனம் காக்குறவங்க கல்லெறிஞ்சதா சங்கப் பாடல்கள்ல வருதே, அந்தக் கவண்.

அமைப்பு ரொம்ப எளிமை. ரெண்டு கயிறு, நடுவுல கல் வைக்க ஒரு பை. ஒரு கயிற்றோட நுனியை விரல்ல மாட்டிக்கணும், இன்னொண்ணைச் சும்மா பிடிச்சுக்கணும். சுழற்றி, சரியான நொடியில அந்த ரெண்டாவது கயிற்றை விடணும். கை நீளம் கூடின மாதிரி ஆகுறதால கல்லோட வேகமும் கூடும். செய்யப் பத்துப் பைசா செலவில்லை. ஆனா குறி பழக வருஷக்கணக்கு ஆகும்.

இது போர்க்களத்துல என்ன செய்யும்? கி.மு. 401-க்குப் போவோம். பாரசீக இளவரசர் சைரஸ், அண்ணனோட அரியணையைப் பிடிக்க சுமார் பத்தாயிரம் கிரேக்கக் கூலிப்படையினரைக் கூட்டிட்டுப் போனார். பாபிலோனுக்குப் பக்கத்துல நடந்த சண்டையில அவரே செத்துட்டார். கிரேக்கத் தளபதிகளையும் பேச்சுவார்த்தைன்னு கூப்பிட்டுச் சூழ்ச்சியாப் பிடிச்சுட்டாங்க. மீதிப் படை எதிரி நாட்டு நடுவுல நிக்குது. ஊர் திரும்பணும்.

புதுத் தலைவர்கள்ல ஒருத்தர் செனபோன். 'அனபாசிஸ்'ங்கிற நூல்ல இதையெல்லாம் எழுதினவரும் அவர்தான். கிளம்பின முதல் நாளே 200 குதிரை வீரர்களும், வில்லாளி, கவண்காரங்க சேர்ந்து 400 பேரும் பின்னாலிருந்து தாக்குறாங்க. கிரேக்கர்களோட ஈட்டி எட்டலை, அம்பும் எட்டலை. துரத்திப் போனாலும் காயம்தான் மிச்சம். அன்னைக்கு முழுக்க அவங்க கடந்தது 25 ஸ்டேடியம், அதாவது ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை.

அன்னிக்கு ராத்திரி செனபோன் ஒண்ணு சொல்றார்: நம்ம படையில ரோட்ஸ் தீவுக்காரங்க இருக்காங்க, அவங்கள்ல நிறையப் பேருக்குக் கவண் தெரியும். பாரசீகர்கள் கை நிறையுற அளவு பெரிய கல்லை எறியுறாங்க. ரோட்ஸ்காரங்க எறியுறது ஈயக் குண்டு, அது ரெண்டு மடங்கு தூரம் போகும். காரணம் இதுதான்: ஈயம் கல்லைவிட நாலு மடங்கு அடர்த்தி. அதே எடை சின்ன உருவத்துல அடங்குறதால காத்து அதிகம் தடுக்காது. பறந்து வர்றது கண்ணுக்கும் சுலபமாத் தெரியாது.

சரி, ஆளை எப்படிச் சேர்த்தாங்க? கட்டளை போடலை. கவண் வச்சிருந்தா அதுக்குக் காசு, புதுசா முறுக்கித் தந்தா அதுக்கும் காசு, கவண்படையில சேர்ந்தா மத்த வேலைகள்ல விலக்கு. ஒரே ராத்திரியில 200 பேர் வந்துட்டாங்க.

அப்புறம் வந்த பெரும்படை ஒண்ணை இவங்களும் வில்லாளிகளும் அடிச்சே பின்வாங்க வச்சாங்க. கூட்டம் அவ்வளவு நெருக்கம், குறி தவற வழியே இல்லைன்னு செனபோன் எழுதுறார். வழியில இருந்த கிராமங்கள்ல ஈயமும் கயிற்றுக்கு நரம்பும் கிடைச்சது.

அத்தனை நாளும் அந்த 200 பேர் அதே படையிலதான் நடந்துட்டு இருந்தாங்க. உங்களுக்கு என்ன தெரியும்னு யாரும் கேட்டிருக்கலை, அவ்வளவுதான்.