கல்லும் பிளாஸ்டிக்கும்

(அரக்கோணம் வட்டார வளர்ச்சி அலுவலர் ஊராட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் ஏரிக்கரைகளில் பைகளும் பால் உறைகளும் கிழிந்த உரச்சாக்குகளும் குவிந்து கிடப்பதை நாள்தோறும் காண்கிறோம். மாடு தின்கிறது, மதகு அடைபடுகிறது, முடிவில் யாரோ தீ வைக்கின்றனர். அந்தப் புகையை நம் குழந்தைகளே சுவாசிக்கின்றனர். ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றை 2019 ஜனவரி முதல் தமிழக அரசு தடை செய்துள்ளது. ஆயினும், சேர்ந்துவிட்டதை என்ன செய்வது?

உருக்கி வேறு பொருள் செய்யலாமே என்பீர்கள். பல வகைகளை ஒன்றாக உருக்கினால், எண்ணெயும் தண்ணீரும் போல அவை ஒன்றோடொன்று சேரா. வார்த்த பலகை எளிதில் முறியும். ஆகவேதான் தொழிற்சாலைகளில் முதலில் வகை பிரிக்கின்றனர். பிறகு சுண்ணாம்புக்கல் தூளையோ மாக்கல் தூளையோ அளவாகச் சேர்க்கின்றனர். தூள் சேர்ந்த பொருள் விறைப்படையும்; சூட்டில் தொய்வது குறையும். அளவு மீறினாலோ நொறுங்கும். மண்ணின் பதம் அறிந்து செங்கல் அறுக்கும் நமக்கு இந்த நுட்பம் புதிதன்று.

கல்லையும் பிளாஸ்டிக்கையும் இணைக்கும் மற்றொரு வழியை நம் தமிழ்நாடே கண்டது. மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் 2002-ஆம் ஆண்டில் அக்கல்லூரி வளாகத்திலேயே பிளாஸ்டிக் கலந்த சாலை அமைத்துக் காட்டினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஜல்லியை ஏறக்குறைய 160 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மீது தூவுவர். அது ஒரு நிமிடத்திற்குள் உருகி, கல்லின்மேல் மெல்லிய உறையாகப் படியும். பின்னர் தார் கலப்பர். கல்லுக்கும் தாருக்கும் இடையே மழைநீர் புகுவது குறைவதால் சாலை எளிதில் பெயராது. ஒருவழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் பயன்படும். அந்த அளவு தாரும் மீதியாகும்.

ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. பி.வி.சி. எனும் வகை சிறிதும் கலக்கலாகாது. சூட்டில் அது அமில வாயுவைக் கக்கும். குழாய்த் துண்டுகள் மட்டுமல்ல, ரெக்சினும் பெரும்பாலும் அவ்வகையே. தோல், காலணித் தொழில் நிறைந்த நம் பகுதியில் இதை மறத்தல் கூடாது.

நான் முன்பு பணியாற்றிய ஓர் ஊரில், மகளிர் குழுவினர் ஒரு கொட்டகை நிறையப் பிளாஸ்டிக் சேர்த்தனர். அதில் ரெக்சின் துண்டுகளும் சேறும் கலந்திருந்தமையால் சுமை முழுவதும் திரும்பி வந்தது. சில நாட்களில் அதுவும் தீக்கிரையாயிற்று. குற்றம் அப்பெண்களுடையதன்று, பிரிக்கும் முறையை முன்கூட்டிச் சொல்லாத என்னுடையது.

ஆகவே உங்களை வேண்டுவது மூன்று. வீட்டு வாசலிலேயே பிரித்து வாங்குங்கள். கழுவி உலர்த்துங்கள். குழாய், ரெக்சின், தோல் ஆகியவற்றைத் தனிச் சாக்கில் கட்டி வையுங்கள். எந்திரம் பின்னர் வரலாம்; பிரிக்கும் பழக்கம் இன்றே வரவேண்டும். அப்போதுதான் ஏரிக்கரையில் எரியும் குப்பை, நம் ஊர்ச் சாலையில் கல்லோடு கல்லாய் உறையும்.