பட்டா மட்டும் போதுமா?

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வீடு பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் நிலத்திலிருந்து தொடங்குகிறேன். கூரை பிய்ந்தால் மறுபடி வேய்ந்துகொள்ளலாம். மனை கைமாறிவிட்டால் அதோடு முடிந்தது.

1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளிக்கு வினோபா பாவே வந்தார். அங்கிருந்த தலித் குடும்பங்கள் அவரிடம் பயிர் செய்ய 80 ஏக்கர் நிலம் கேட்டன. நிலவுடைமையாளர் ஒருவர் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். பூதான இயக்கம் அப்படித்தான் பிறந்தது. கொடுத்தவரைப் பற்றிப் பேசுகிறோம், வாங்கிக் கொடுத்தவரைப் பற்றிப் பேசுகிறோம். கேட்டவர்களைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. பிறகு அது கிராமதானமாக வளர்ந்தது. நிலத்தின் உடைமை கிராம சபைக்கு, பயன்படுத்தும் உரிமை குடும்பத்துக்கு, வெளியாருக்கு விற்க முடியாது என்பது அதன் ஏற்பாடு.

இந்த யோசனை அமெரிக்காவுக்குப் போனது. ராபர்ட் ஸ்வான் என்ற போர் எதிர்ப்பாளரை அது ஈர்த்தது. அவரும், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய ஸ்லேட்டர் கிங், சார்லஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட் முதலானோரும் சேர்ந்து 1969இல் ஜார்ஜியா மாநிலத்தில் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அதுதான் முதல் சமுதாய நில அறக்கட்டளை. இஸ்ரேலில் நிலத்தைக் குத்தகைக்கு விடும் முறையையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். அந்த நிலம் யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்ற கேள்வியை நான் மறக்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு கூட்டம் வேண்டும்.

அவர்களுக்கு ஏன் நிலம் தேவைப்பட்டது? வாக்காளராகப் பதிவு செய்த கறுப்பினத்தவரைப் பண்ணை முதலாளிகள் குடியிருந்த வீட்டைவிட்டே விரட்டினார்கள். ஷெர்லியின் தந்தையை 1965இல் ஒரு வெள்ளைக்கார விவசாயி சுட்டுக் கொன்றார். வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு வழக்கே தேவையில்லை என்றது. கூலியும் குடியிருப்பும் ஒரே ஆளின் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

5,700 ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள். தானமாக அல்ல, கடன் பட்டு. வேர்க்கடலை, சோளம், சோயா பயிரிட்டார்கள், பன்றி வளர்த்தார்கள். வீடுகள் கட்டவும் திட்டம் வைத்திருந்தார்கள். ஆனால் அதற்கு வரவேண்டிய மத்திய அரசு நிதி, மாநில ஆளுநரின் எதிர்ப்பால் வராமல் போனது. பிறகு வறட்சி. பாசனத்துக்குக் கேட்ட அவசரக் கடனை அரசு அலுவலகம் இழுத்தடித்தது. 1985இல் கடனுக்காக நிலம் முழுவதும் பறிபோனது. கறுப்பின விவசாயிகள் வேளாண் துறைக்கு எதிராகத் தொடுத்த பாகுபாட்டு வழக்கின் தொடர்ச்சியாக, 2009இல் சுமார் 1.2 கோடி டாலர் இழப்பீடு கிடைத்தது. அதை வைத்து 2011இல் 1,600 ஏக்கர் வாங்கினார்கள். அது அடிமைகளை வைத்திருந்த ஒருவரின் பழைய பண்ணை.

அவர்கள் தொடங்கிய முறை இன்று பல நாடுகளில் வீடுகளுக்குப் பயன்படுகிறது. நிலம் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும், அதை விற்பதில்லை. அதன்மேல் உள்ள வீடு மட்டும் குடும்பத்துக்குச் சொந்தம். நிலத்துக்குப் பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகை, பிள்ளைகளுக்கும் செல்லும். காலிசெய்து போகும்போது வீட்டை விற்கலாம். ஆனால் சந்தை விலைக்கு அல்ல, ஒப்பந்தத்தில் எழுதிய கணக்குப்படி, அடுத்த ஏழைக் குடும்பத்துக்கு. பக்கத்தில் மெட்ரோ வந்தாலும் வீட்டு விலை தாறுமாறாக ஏறாது.

வாஷிங்டன் மாநிலத்தின் லோபஸ் தீவில் இப்படி ஒரு குடியிருப்பு 2009இல் முடிந்தது. வைக்கோல் கட்டுகளை அடுக்கி மண் பூசிய சுவர்கள், கூரையில் சூரியத் தகடுகள், மழைநீர்ச் சேமிப்பு. குடியேறப்போகிறவர்களும் சேர்ந்து உழைத்துக் கட்டினார்கள். வைக்கோல் என்றதும் வெண்மணிதான் நினைவுக்கு வரும், எனக்கும் வந்தது. இறுக்கிக் கட்டி மண் பூசினால் அது எளிதில் தீப்பிடிக்காது. நான் சொல்ல வந்தது வேறு. நாளைக்கு ஜேசிபி வருமா என்று பயந்துகொண்டிருப்பவர் வாசலில் வேப்பங்கன்று நடமாட்டார். சென்னையில் ‘சுற்றுச்சூழல்’ என்ற சொல்லே கூவம் கரையிலிருந்து நம் மக்களைக் கிளப்பத்தான் வந்து நிற்கிறது. கொண்டுபோய் விடும் பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி.

இப்போது நம் கதை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை கொடுத்தார். 1892 ஆணைப்படி பறையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பினருக்குத்தான் விற்கலாம். லோபஸ் தீவுக்காரர்கள் போட்ட பூட்டை நாம் நூறு ஆண்டுக்கு முன்பே வைத்திருந்தோம். சாவி மட்டும் வருவாய்த் துறையிடம் இருந்தது. கர்ணம் யார், மணியக்காரர் யார் என்று பார்த்தால் நிலம் எப்படிப் போனது என்று புரியும். 1994இல் காரணை நிலத்தை மீட்கப் போராடியபோது ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள்.

அம்பேத்கர் 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில், விவசாய நிலத்தை அரசுடைமையாக்கி, சாதி பார்க்காமல் குத்தகைக்கு விடவேண்டும் என்று எழுதினார். தனிப் பட்டாவோடு அவர் நின்றுவிடவில்லை. ஆனால் காரணைக்குப் பிறகு அரசிடம் மட்டும் சாவியைக் கொடுத்துவிட்டு என்னால் தூங்க முடியாது.

அதற்காக இந்த முறையை அப்படியே இறக்குமதி செய்யவும் கூடாது. நில அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவில் வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு குடியிருப்போர், ஒரு பங்கு சுற்றுவட்டார மக்கள், ஒரு பங்கு பொதுநலத்தவர். நம் ஊரில் சுற்றுவட்டார மக்கள் என்றால் யார்? ஊர்த்தெருக்காரர்கள். கிராமதானம் இடறிய இடமும் இதுதான், கிராமத்தை ஒரே சமூகம் என்று நினைத்தது. நம் அறக்கட்டளையில் பெரும்பான்மை காலனி மக்களுக்கு, அதில் பாதி பெண்களுக்கு என்று விதியிலேயே எழுத வேண்டும். கடன் கொடுக்க நம் கையில் ஒரு கூட்டுறவும் வேண்டும். இல்லாவிட்டால் 1985 இங்கேயும் நடக்கும்.

களப்பணியில் ஒரு அம்மா கேட்டார்: “அவங்க மட்டும் நெலத்த வித்து காலேஜு கட்டலாம், நாங்க விக்கக் கூடாதா தம்பி?” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு அவரே சொன்னார், மகளின் கல்யாணத்துக்கு அடகு வைத்த மனை திரும்பவே இல்லை என்று. அவர் கேள்வி நியாயமானது. விற்கும் உரிமையை விடுகிறவர்களுக்கு, கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கைகொடுக்க அறக்கட்டளையில் ஒரு நிதி இருந்தே ஆக வேண்டும்.

ஊருக்குப் போகும் தோழர்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கிராமத்து அ-பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். டி.சி. நிலம் என்று குறித்த சர்வே எண்களை எழுதி எடுத்துக்கொண்டு, அந்த இடங்களுக்கு நடந்து போய், இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தத் தாள்களோடு வாருங்கள்.