செவியால் கற்கும் மொழி



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழைக்கு முன்பே உழுது வைப்பவரே அங்குப் பயன் காண்பர். மொழித் தேர்வும் அத்தகையதே.

அமெரிக்கக் கல்லூரியில் பயிலச் செல்வோர் ‘கிளெப்’ என்னும் ஸ்பானிய மொழித் தேர்வை எழுதலாம். 90 நிமிடங்களில் ஏறத்தாழ 120 வினாக்கள். 50 புள்ளிகள் பெற்றால், பல கல்லூரிகள் அதனைப் பட்டப்படிப்பின் பாடக் கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. பொருளும் காலமும் மிச்சமாகும்.

இதில் 40 விழுக்காடு கேட்டறிதலுக்கு உரியது, எஞ்சியது படித்தறிதலுக்கு. ஆகவே நூலை மட்டும் நம்பியவர் இடர்ப்படுவார். ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’. அதே சொல்லின் ரகரத்தை அழுத்தி உருட்டினால் ‘நாய்’. ரகர றகர வேறுபாடு அறிந்த நமக்கு இது அரிதன்று. நாள்தோறும் அரைமணி ஸ்பானிய ஒலிபரப்பைக் கேளுங்கள்; கேட்டதை எழுதிப் பாருங்கள். இன்றே தொடங்குங்கள்.