ஈரலின் செய்தி கூறும் இருபெப்தைட்டு

கிளிநொச்சி வயலில் விளையும் நெல்லிலும், முல்லைத்தீவுக் கரையில் ஏறும் மீனிலும், வவுனியாச் சந்தைக்கு வரும் உழுந்திலும் புரதம் உண்டென்பதை நேயர்கள் அறிவார்கள். அமினோ அமிலங்கள் பலவற்றைக் கோத்த மாலையே புரதமாகும். இரண்டே மணிகளைக் கோத்தாற் கிடைப்பது இருபெப்தைட்டு. அவ்வினத்தில் மிக எளியது கிளைசைல்கிளைசீன். அமினோ அமிலங்களுட் சிறியதாகிய கிளைசீன் இரண்டு, ஒரு நீர் மூலக்கூற்றை இழந்து ஒன்றோடொன்று பிணைந்து நிற்பதே அது.

1901ஆம் ஆண்டில் ஜேர்மனிய இரசாயன அறிஞர் எமில் பிசரும், ஏர்னெஸ்ட் பூர்னோவும் இதனை ஆக்கிக் காட்டினர். இரு கிளைசீன்கள் வளையமாக மூடிக்கிடந்த சேர்வையொன்றை அமிலத்துடன் கொதிக்க வைத்து, வளையத்தின் ஒரு பக்கத்தை மட்டும் திறந்தனர். புரதத்தின் கட்டமைப்பைப் பற்றி அறிஞர் வாதிட்டுக்கொண்டிருந்த காலமாதலின், இச்சிறு வெற்றியும் பெரிதாயிற்று.

இது வெண்ணிறப் பளிங்குப் பொருள்; நீரில் நன்கு கரையும், மதுசாரத்தில் அரிதாகவே கரையும். முட்டை வெண்கருவுடன் காரமும் செப்புச் சல்பேற்றும் சேர்த்தால் ஊதா நிறம் தோன்றுவதை மாணவர் கண்டிருப்பர். இதிலோ அந்த ஊதா தோன்றுவதில்லை. அதற்குக் குறைந்தது இரண்டு பெப்தைட்டுப் பிணைப்புகள் வேண்டும். இதற்கு உள்ளது ஒன்றே. புரதக் குடும்பத்துப் பிள்ளைக்குக் குடும்பச் சாயல் இல்லாமற் போனது வேடிக்கைதான்.

பி.எச். பெறுமானம் 8ஐ அடுத்த நிலையில் இது சிறந்த தாங்கற்பொருள். சிறிது அமிலமோ காரமோ சேர்ந்தாலும் கரைசலின் நிலையைப் பெரிதும் மாறவிடாது. நொதியங்களை ஆராய்வோர் இதனை நாடுவது அதனாலேயே.

நோயாளருக்கு இது உதவுவது ஈரற் சோதனையில். காமா ஜீ.ரீ. என்று வைத்தியர் குறிப்பிடும் நொதியம், ஈரலோ பித்தக் கால்வாயோ பழுதுறும்போது குருதியிற் பெருகும். குளுத்தாமைல் என்னும் கூறொன்றை ஒரு சேர்வையிலிருந்து பறித்து மற்றொன்றிடம் ஒப்படைப்பது அதன் தொழில். சோதனைக் குழாயில் அக்கூற்றை ஏற்பது கிளைசைல்கிளைசீன். அது இல்லையேல் வினை மிக மந்தமாகும். கூறு பறிபோனதும் மஞ்சள் நிறப் பொருளொன்று விடுபடும். மஞ்சள் எவ்வளவு விரைவாகப் பெருகுகின்றதோ, அவ்வளவு நொதியம் குருதியில் உண்டு.

கசிப்பும் சாராயமும் நெடுநாள் அருந்துவோருக்கு இந்த அளவு உயர்வது வழக்கம். வலியோ மஞ்சட் காமாலையோ காணுமுன்னரே அது உயரக்கூடும் என்பதால், குடியை விட்டு ஈரலைக் காத்துக்கொள்ளக் காலம் கிடைக்கின்றது. ஆயினும் இவ்வளவு உயர்ந்தோரெல்லாம் குடிகாரரல்லர். பித்தவழி அடைபட்டாலும் உயரும். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் பெனிற்றோயின் போன்ற குளிசைகளாலும் உயரும். மது தொடாத ஒருவர் அத்தகைய குளிசை உண்பதை வைத்தியரிடம் கூறாதிருந்தால், தாளில் எழுதிய ஓர் இலக்கத்தால் வீட்டிலும் ஊரிலும் வீண்பழி சுமக்க நேரும். குருதி கொடுக்கும்போதே குளிசையின் பெயரையும் சொல்லிவிட்டால் அந்த ஐயத்துக்கு இடமிராது.