நீங்கள் படையில் பணியாற்றியதுண்டா?



'படைவீரர்' என்னும் சொல்லைத் தமிழில் இருபாலார்க்கும் வழங்கலாம். ஆயினும் 'முன்னாள் படைவீரர்' என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவர் ஆடவர் ஒருவரே. இவ்வழக்கம் ஒரு பெண்ணின் இறுதி நாள்களை எங்ஙனம் பாதிக்கிறது என்பதை, அமெரிக்க நாட்டின் பட்டறிவைக் கொண்டு விளக்க விழைகிறேன்.

அமெரிக்கப் படைகளில் பெண்கள் நிலையாகச் சேர 1948ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. அச்சட்டமே அவர்தம் எண்ணிக்கையை 2 விழுக்காட்டுக்குள் நிறுத்தியது. அவ்வரம்பு 1967இல்தான் நீங்கியது. ஆதலால் முன்னாள் படையினர்க்கான மருத்துவமனைகளும் அந்திமகாலப் பராமரிப்பும் பெரும்பாலும் ஆண்களை மனத்திற்கொண்டே வளர்ந்தன. இன்றோ அங்குள்ள முன்னாள் படையினருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் பெண்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடுகளுள் முதலாவது, அருகிருந்து பேணுவோர் பற்றியது. முதிய வீரரை மனைவி பேணுவது பெருவழக்கு. பெண்களோ நீண்ட காலம் வாழ்வதால், கணவரை இழந்தபின் தனித்திருப்போர் பலர்.

இரண்டாவது, உள்ளத்தின் புண். படைப்பணிக் காலத்தில் பாலியல் வன்முறைக்கோ தொல்லைக்கோ ஆளானதாக, அந்நாட்டு முன்னாள் படையினர் மருத்துவத் துறையில் வினவப்படும் பெண்களுள் மூவரில் ஒருவர் கூறுகின்றனர். ஆண்களுள் ஐம்பதில் ஒருவர். இறுதிப் படுக்கையில் உடல் தளரும்போது பழைய அச்சம் மீளக்கூடும். குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் செவிலியர்க்கு அன்றாடப் பணி. அப்பெண்ணுக்கோ அவை மீண்டும் நேரும் கொடுமையாகத் தோன்றலாம். தொடுமுன் சொல்வதும், இசைவு கேட்பதும், யார் தொட வேண்டும் என்பதை அவரே தேர்ந்துகொள்ள விடுவதும் அங்கே மருந்துக்கு நிகரானவை.

மூன்றாவது, மொழியைச் சார்ந்தது. 2010இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்கீழ், அந்நாட்டு அந்திமகாலப் பராமரிப்பு நிலையங்கள் நோயாளியின் படைப்பணி வரலாற்றைக் கேட்டறிகின்றன. பணிக்கு நன்றி கூறிச் சின்னமும் அணிவிக்கின்றன. ஆனால் "நீங்கள் முன்னாள் படைவீரரா?" என்று கேட்டால், "இல்லை, நான் செவிலியாகத்தான் இருந்தேன்" என்று சொல்லிவிடும் பெண்கள் உண்டு. "நீங்கள் படையில் பணியாற்றியதுண்டா?" என்று கேட்டால், அவர்களே "ஆம்" என்பர். கேள்வி மாறினால் சிகிச்சையும் மாறுகிறது.

வியட்நாம் போரில் ஏறத்தாழ 11,000 அமெரிக்கப் படைப்பெண்கள் பணியாற்றினர், பெரும்பாலோர் செவிலியர். இறக்கும் தறுவாயிலிருந்த இளைஞர்களின் கைகளைப் பற்றியிருந்தவர்கள் அவர்கள். வாஷிங்டனில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுந்தது 1993இல்தான். இன்று அவர்களே முதுமையின் இறுதிப் படியில் நிற்கின்றனர். அவர்தம் கைகளைப் பற்றுவோர், அவர்கள் யாரென்று அறிந்திருக்க வேண்டாமா?

இது நமக்கும் அயலான செய்தியன்று. 1943இல் சிங்கப்பூரில் தோன்றிய ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தனர். போர் முடிந்ததும் வீடு திரும்பிய அவர்களுள், அம்மா, பாட்டி என்ற பெயர்களோடு மட்டுமே மறைந்தோர் எத்தனை பேரோ! இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் திகழ்வீர்கள். மூதாட்டி ஒருவரின் படுக்கையருகே அமரும்போது, அவர் கணவர் என்ன செய்தார் என்று மட்டும் கேளாதீர்கள். "நீங்கள் என்ன பணி செய்தீர்கள், அம்மா?" என்று கேளுங்கள், விடை வரும்வரை பொறுத்திருங்கள்.